ஸ்நாக்ஸ் டூட்டியும் வேர்க்கடலையும்: புது டீச்சர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் புதிதாகச் சேர்ந்த டீச்சர்கள் தலையில் கட்டப்படும் முதல் வேலை ஸ்நாக்ஸ் டூட்டி. 10.30 பெல் அடித்தால் வகுப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் டப்பாவைத் திறக்கும். பாதிப் பிள்ளைகள் தன் டப்பாவையே பார்ப்பதில்லை. பக்கத்து டப்பாதான் எப்போதும் ருசி.

இதில் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று இருந்தால் டூட்டியின் முகமே மாறிவிடும். மேற்கு நாடுகளைவிட நம் நாட்டில் இந்த ஒவ்வாமை குறைவு. ஆனால் வேலூர்ப் பக்கம் அந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலையிடமிருந்து தப்ப இடமில்லை. அணைக்கட்டு, ஒடுகத்தூர், போளூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மானாவாரிக் கொல்லையில் அதுதான். இட்லிக்குச் சட்னி அது, புளிச்சோற்றில் கடிபடுவது அது, மழைநாளில் வேகவைத்துக் கொறிப்பதும் அதேதான்.

கை கழுவ வையுங்கள், டப்பாவில் பெயர் எழுதுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே கூத்தை வருகிற ஒவ்வொரு செட்டும் அச்சு மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விநோதமான டப்பாவை மட்டும் முறைப்பது

மழை விட்ட மறுநாள், ஒடுகத்தூர்ப் பாட்டி வீட்டுக்குப் போய்வந்த பையன் ஒருவன் ஈசல் வறுவல் கொண்டுவந்தான். இறக்கை நீக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்து, பொரியோடு கலந்தது. டப்பா திறந்ததும் பாதி வகுப்பு பெஞ்சின் மேல் ஏறிவிட்டது. மீதிப் பாதி "எனக்கொன்னு குடுடா" என்று வரிசையில் நின்றது. டூட்டியில் இருந்த புது டீச்சர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு டப்பாவை ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒரு குட்டி மாநாடு. இது சைவமா அசைவமா, பெற்றோரைக் கூப்பிடுவதா, சர்க்குலர் விடுவதா? ஹெட்மிஸ்ட்ரஸ் போளூர்க்காரர். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு "உப்பு கம்மி" என்றார். மாநாடு கலைந்தது.

அந்த டப்பாவில் ஈசலுக்குச் சரிபாதி வறுத்த வேர்க்கடலை கிடந்தது. இத்தனை பேர் எட்டிப் பார்த்தும் அதை ஒருவரும் பார்க்கவில்லை.

புளியம்பிஞ்சு, கமர்கட்டை நசுக்கி உள்ளே வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, ஊறுகாய் தடவிய பிஸ்கட் என்று கண்ணை இழுக்கிற டப்பா தினமும் நாலு வரும். சிரித்துவிட்டுப் போங்கள். நம் சங்கதி கண்ணை இழுக்காத எலுமிச்சை சாதத்தில்தான் இருக்கிறது. (இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பு தடிக்கிறவர்கள் ஈசலிடமிருந்தும் எட்டி நிற்பது நல்லது. ஓட்டுடலிகளிலும் பூச்சிகளிலும் ஒன்றுக்கொன்று ஒத்த புரதம் உண்டு.)

"பொறுக்கி எடுத்துட்டேன் மேம்"

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிவிடும்.

ஒவ்வாமை உள்ள பிள்ளை டப்பா கொண்டுவர மறந்துவிடும். பக்கத்துப் பிள்ளையின் எலுமிச்சை சாதத்தில் கொஞ்சம் எடுத்து, வேர்க்கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மூடியில் ஒதுக்கிவிட்டு, "இப்ப சாப்பிடு கண்ணு" என்று கொடுப்பார்கள். கொடுக்கிறவர் மனதில் அன்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. அதனால் திட்டவும் முடிவதில்லை, கோபம் அடங்குவதும் இல்லை.

அரிசியில் கல் கிடந்தால் பொறுக்கலாம், கல் போனால் அரிசி சுத்தம். தாளித்த வேர்க்கடலை அப்படிப் போவதில்லை. அதன் தோலும் தூளும் எண்ணெயோடு சேர்ந்து பருக்கைக்குப் பருக்கை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வாமையைக் கிளப்புவது அதிலுள்ள புரதம். ஒரு பருப்பில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் புரதம் இருக்கும். மிகவும் கூருணர்வுள்ள பிள்ளைக்குச் சில மில்லிகிராமே போதும், அதாவது ஒரே ஒரு பருப்பில் நூறில் ஒரு பங்கு. அதை எந்தக் கண்ணாடி போட்டுக்கொண்டு பொறுக்குவீர்கள்?

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். புதிதாக வந்த டீச்சர், பொறுப்பானவர். மிக்சரில் பொறுக்கினார், அவல் உப்புமாவில் பொறுக்கினார், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததில் தைரியம் வந்துவிட்டது. அப்புறம் ஒருநாள் குடியாத்தத்துப் பிள்ளை ஒன்று சிமிலி கொண்டுவந்தது. கேழ்வரகு மாவை அடை தட்டிச் சுட்டு, பிய்த்துப் போட்டு, வெல்லமும் வறுத்த வேர்க்கடலையும் சேர்த்து உரலில் இடித்துப் பிடிக்கிற உருண்டை. சில வீடுகளில் எள்ளும் விழும். வட ஆற்காட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் டீச்சர் தஞ்சாவூர்க்காரர். கருப்பு உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொறுக்குவதற்கு ஒரு கடலைகூடக் கண்ணில் படவில்லை. கேழ்வரகு உடம்புக்கு நல்லதாயிற்றே என்று பாதியைப் பிட்டுக் கொடுத்துவிட்டார்.

சில நிமிடங்களில் பிள்ளையின் உதடு தடித்தது. கழுத்தில் திட்டுத்திட்டாகச் சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டே "மிஸ், உள்ள என்னமோ பண்ணுது" என்றது, பிறகு வாந்தி. ஆட்டோ, ஆஸ்பத்திரி, தொடையில் ஊசி, ராத்திரி முழுக்கக் கண்காணிப்பு. மறுநாள் நல்லபடியாக வீடு திரும்பியது. அப்பாவுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. அந்த வாரக் கூலியும் போய், கைமாற்றும் வாங்கினார். டீச்சர் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து "நல்லா பார்த்தேன் மேம், அதுல கடலையே இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை, பார்த்திருக்கிறார்தான்.

அந்த டீச்சர்மேல் எனக்கு வருத்தமில்லை. அதற்கப்புறம் மீட்டிங் போட்டு எடுத்த தீர்மானம்தான் இன்றைக்கும் உறுத்துகிறது: "இனிமேல் இன்னும் கவனமாகப் பொறுக்க வேண்டும்."

கண்ணுக்குத் தெரியாமல் வேர்க்கடலை உட்கார்ந்திருக்கும் இடங்களைச் சொல்லிவைக்கிறேன். வெள்ளையாக இருப்பதால் தேங்காய்ச் சட்னி என்று நாம் நம்புகிற சட்னி. கத்திரிக்காய் கொத்சிலும் குருமாவிலும் கெட்டியாக வருவதற்காக அரைத்து ஊற்றிய விழுது. இட்லிப் பொடி. கடையில் ஒரே கரண்டியால் கடலை பர்பியையும் அள்ளி எள்ளுருண்டையையும் அள்ளிய தட்டு. அப்புறம், இப்போது வீட்டுக்கு வீடு பெருமையாக வாங்குகிற மரச்செக்குக் கடலெண்ணெய். நன்றாகச் சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் மிகமிகக் குறைவு. செக்கில் ஆட்டியதில் அது தங்கிவிடும். உடம்புக்கு நல்லது என்று வாங்கிய எண்ணெயில் சுட்ட முறுக்கு இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆகாது.

ஆகவே பொறுக்குகிற பேச்சே வேண்டாம். அடுத்த டப்பாவிலிருந்து அந்தப் பிள்ளைக்கு எதுவும் கிடையாது, பண்டிகை நாளிலும் கிடையாது. டப்பா மறந்த நாளுக்கென்று அம்மாவே கொடுத்துவைத்த பாக்கெட் ஒன்று வகுப்பு அலமாரியில் இருக்கட்டும். 2020-இல் வந்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) லேபிள் விதிகளின்படி, பாக்கெட் உணவில் வேர்க்கடலை இருந்தால் ஒவ்வாமைப் பொருளாக அச்சிட்டிருக்க வேண்டும். எடை போட்டுக் கட்டித் தருகிற பொட்டலத்தில் அதைப் படிக்க வழியில்லை.

வேகவைத்தால் சரியாகிவிடும் என்பது

ஆகாது. வறுத்தாலும் ஆகாது.

வாசனைக்கே வகுப்பைக் காலி செய்வது

ஒரு பையன் வறுத்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்ததற்கே ஜன்னலையெல்லாம் திறந்து, ஒவ்வாமைப் பிள்ளையை வராண்டாவில் உட்காரவைத்த கதையும் உண்டு. அமெரிக்காவில் 30 குழந்தைகளின் முகத்துக்கு அருகே பீனட் பட்டரை வைத்துச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள்தான், ஆனாலும் ஒருவருக்கும் மூச்சுத் திணறவில்லை. வாசனையில் புரதம் பறந்து வருவதில்லை. கடலை உடைக்கிற களத்தில் பறக்கும் தூசி வேறு சங்கதி, அங்கே கூட்டிப் போகாதீர்கள்.

சானிடைசர்

அதில் கடலைப் புரதம் போகாது. சோப்பு, தண்ணீர்.

"கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்குங்க"

இதைச் சொல்வது பெரும்பாலும் பாட்டிகள். "மல்லாட்டை கொல்லையிலயே பொறண்டு வளர்ந்தோம், எங்களுக்கு என்னா ஆச்சி?" என்று (மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான்) ஒரு பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்தார். வேடிக்கை என்னவென்றால், மருத்துவ ஆராய்ச்சி பாதிவரை அவர் பக்கம்தான். இஸ்ரேலில் குழந்தைகள் பல் முளைக்கும் முன்பே பாம்பா என்ற வேர்க்கடலைப் பொரியைச் சப்ப ஆரம்பிக்கிறார்கள். பிரிட்டனில் வளரும் யூதக் குழந்தைகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை, இந்த ஒவ்வாமையோ அவர்களிடம் சுமார் 10 மடங்கு அதிகம். அதைப் பிடித்துக்கொண்டு 640 கைக்குழந்தைகளை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடத்தி 2015-இல் வெளியிட்டார்கள். சீக்கிரமே வேர்க்கடலை கொடுக்கத் தொடங்கிய குழந்தைகளிடம் 5 வயதில் ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது.

பாட்டி நிற்க வேண்டிய இடம் இதுதான். அந்த ஆய்வு ஒவ்வாமை வருமுன் தடுப்பது பற்றியது, அதில் சேர்ந்தவர்கள் 4 முதல் 11 மாதக் குழந்தைகள். ஏற்கெனவே உதடு தடிக்கிற ஏழு வயசுப் பிள்ளைக்கு ஸ்நாக்ஸ் டப்பாவில் அரைக் கடலை வைத்துப் பழக்குவது அதில் சேராது. வந்த ஒவ்வாமைக்கும் மிகச் சிறு அளவில் கொடுத்து ஏற்றிக்கொண்டே போகும் சிகிச்சை உண்டு. அது டாக்டரின் கண் முன்னால், ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை.

எல்லாக் கொட்டையும் ஒன்று என்பது

வேர்க்கடலை பயறு வகை, துவரைக்கும் உளுந்துக்கும் சொந்தம். ஆற்காட்டு மக்கன் பேடாவுக்குள் இருக்கும் முந்திரி, பாதாம், பிஸ்தா எல்லாம் மரத்தில் காய்ப்பவை. சில பிள்ளைகளுக்கு இரண்டு வகையும் ஆகாது, சிலருக்கு ஒன்று மட்டும். எது ஆகாது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், நீங்களாக முடிவு கட்டாதீர்கள். டைரியில் "கடலை" என்று மொட்டையாக எழுதிவரும் அம்மாவிடம், பொட்டுக்கடலையா வேர்க்கடலையா என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

மாத்திரை கொடுத்துவிட்டு மணி பார்ப்பது

செட்ரிசின் என்கிற அலர்ஜி மாத்திரை அரிப்பை அடக்கும். தொண்டை அடைப்பதையோ ரத்த அழுத்தம் சரிவதையோ அது நிறுத்தாது. தோல் தடிப்போடு இருமல், மூச்சிரைப்பு, குரல் மாற்றம், வாந்தி, தலைசுற்றல் எது சேர்ந்தாலும் தேவைப்படுவது அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். வெளிநாட்டில் பிள்ளைகள் பையில் வைத்திருக்கும் பேனா மாதிரி ஊசி நம்மூர் மருந்துக்கடையில் எளிதில் கிடைப்பதில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, பள்ளியில் மருந்து வைத்துக்கொள்ளலாமா, எவ்வளவு, யார் போடுவது என்பதை டாக்டரும் பெற்றோரும் ஜூனிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 108-க்கு உடனே கூப்பிடுங்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிவையுங்கள். மூச்சு வாங்கினால் உட்காரவைக்கலாம். "எழுந்து நட, சரியாயிடும்" என்று மாடிப்படி இறக்காதீர்கள். வாழைப்பழம், வெல்லத்தண்ணீர், எலுமிச்சைச்சாறு எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். தடிப்பு அடங்கினாலும் சில மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பக்கூடும், அதனால்தான் ஆஸ்பத்திரியில் உட்காரவைக்கிறார்கள்.

பள்ளி முழுக்கத் தடை போடுவது

வேலூரில் வேர்க்கடலைக்குத் தடை போட்டால் மறுநாள் பாதி டப்பா வெளியே நிற்கும், மீதி டப்பாவில் அது ஒளிந்து வரும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பள்ளிகளில் பார்த்திருக்கிறார்கள்: தடை இருந்த பள்ளியிலும் இல்லாத பள்ளியிலும் ஊசி போட வேண்டிவந்த நிலைமை ஒன்றுபோலவே இருந்தது. வேர்க்கடலை வராத தனி மேசை போட்ட பள்ளிகளில்தான் குறைவு. நான் மேசைக் கட்சி. ஆனால் அங்கே அந்தப் பிள்ளையைத் தனியாக உட்காரவைக்காதீர்கள். அன்றைக்கு டப்பாவில் வேர்க்கடலை இல்லாத பிள்ளைகள் யாரும் அங்கே உட்காரலாம் என்று சொல்லுங்கள். எங்கள் பள்ளியில் அந்த மேசை ஜன்னலோரம். இடம் பிடிப்பதற்காகவே வீட்டில் சட்னியை மாற்றச் சொல்லி அடம் பிடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆயுத பூஜைப் பொரி

கடையில் கலந்து கட்டிய பாக்கெட் வேண்டாம். பொரி தனி, பொட்டுக்கடலை தனி, வேர்க்கடலை தனி என்று வாங்கி, அந்தப் பிள்ளையின் பங்கை மற்றதெல்லாம் பிரிப்பதற்கு முன்பே எடுத்துக் கட்டி, பெயர் எழுதி வைத்துவிடுங்கள். பொட்டுக்கடலை எந்தக் கரண்டியில் அள்ளியது என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம், பொரியும் வாழைப்பழமும் போதும்.

பிறந்தநாள் சாக்லெட்

லேபிள் படித்த பிறகு.