பாரிஸில் சமூக வீடு: கையெழுத்துக்கு முன் எந்த எழுத்துகளைத் தேடுவது

ஊரில் காணி இருந்தால் வீடு எழும்பும். கொழும்பில் என்றால் தெரிந்தவர் ஒருவர், கையில் முற்பணம், அவ்வளவுதான். அதே நினைப்போடு வந்து இறங்கி, "யாரைப் பிடித்தால் வீடு கிடைக்கும்?" என்று லாச்சப்பல் கடைத்தெருவில் விசாரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு "பார்ப்போம்" என்று சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள். சமூக வீடு என்பது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு விதிகளின்படி குறைந்த வாடகைக்குத் தரும் வீடு. அதற்கு விண்ணப்பிப்பது முற்றிலும் இலவசம். காசு கேட்பவர் எவ்வளவு சொந்தக்காரராக இருந்தாலும் ஏமாற்றுகிறார்.

அரசு நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரியான வதிவிட அட்டை கைக்கு வந்ததும் இணையத்திலோ நகரசபையிலோ விண்ணப்பம் போடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதிவு எண் வரும். வீட்டுக்கு உரிமை உண்டா என்று பார்க்க இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆகவே ஒரு சதம் உழைக்காத வருடத்துக்கும் வரித்துறைக்குக் கணக்குக் காட்டி அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அகதிகள் அலுவலகமான ஒப்ரா கொடுத்த பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் குடும்பப்பெயர், முதற்பெயர் என்ற இரண்டில் எந்தப் பக்கம் விழுந்திருக்கிறதோ, எல்லாத் தாளிலும் அதே பக்கம் இருக்கட்டும். பதிவு எண்ணை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

இனி, செய்திகளில் வரும் கணக்கு. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் வந்த எஸ்ஆர்யு சட்டம், நகரங்களில் 20 சதவீத வீடுகள் சமூக வீடுகளாக இருக்க வேண்டும் என்றது. 2013இல் பாரிஸ் போன்ற நகரங்களுக்கு அது 25 ஆக உயர்ந்தது. 2001இல் பாரிஸில் ஏறத்தாழ 13 சதவீதம்தான் இருந்தது. இப்போது நான்கில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. 2024இல் நிறைவேற்றிய புதிய நகரத் திட்டம், 2035க்குள் 30 சதவீதம் சமூக வீடு, அதற்கு மேல் 10 சதவீதம் நடுத்தர வாடகை வீடு என்று இலக்கு வைத்திருக்கிறது. நகரசபை சும்மா இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நெய்யி என்ற பணக்கார ஊர் வருடாவருடம் அபராதம் கட்டிக்கொண்டு இன்னும் ஒற்றை இலக்கத்தில் நிற்கிறது. எங்கள் ஆட்கள் அந்த ஊர் வீடுகளைத் துடைக்கப் போகிறார்கள், குடியிருக்கப் போவதில்லை.

ஆனால் சதவீதம் ஏறுவதற்கும் உங்கள் கைக்குச் சாவி வருவதற்கும் இடையில் நிறையத் தூரம் இருக்கிறது. பாரிஸில் வெற்றுக் காணி இல்லை. அதனால் இருக்கும் கட்டடங்களையே வாங்கிச் சமூக வீடாகப் பதிவு செய்கிறார்கள். பழைய குடியிருப்பாளர்கள் உள்ளேயே இருப்பார்கள். கணக்கில் அது சமூக வீடாக ஏறிவிடும். காத்திருப்பவருக்கு அன்றைக்கு ஒரு கதவும் திறக்காது.

அடுத்தது வகைகள். பிஎல்ஏஐ என்பது மிகக் குறைந்த வருமானக்காரருக்கு, பிஎல்யுஎஸ் நடுவில், பிஎல்எஸ் மேலே. பிஎல்எஸ் வருமான வரம்பு பிஎல்யுஎஸ் வரம்பைவிட 30 சதவீதம் அதிகம். சதுர மீட்டருக்கு வாடகை, பிஎல்ஏஐ வீட்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. எஸ்ஆர்யு சட்டத்தின் கணக்கில் மூன்றுமே வித்தியாசமின்றிச் சமூக வீடுதான். வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலானோர் பிஎல்ஏஐ வரம்புக்குள் இருப்பவர்கள். கட்டப்படுவதில் எத்தனை அந்த வகை என்று செய்தித் தலைப்பு சொல்லாது. இந்த மூன்றுக்கும் வெளியே எல்எல்ஐ என்று ஒன்று இருக்கிறது. இடைநிலை வாடகை வீடு. சந்தை விலையைவிடச் சற்றுக் குறைவு, சமூக வீடே அல்ல. பல சமயம் சமூக வீடு தரும் அதே நிறுவனங்களே இதையும் தருகின்றன. குழி இங்கேதான் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் லா தெஃபான்ஸ் அலுவலகங்களில் இரவு துப்புரவு வேலை செய்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பதினெட்டாம் வட்டாரத்தில் இருபது சதுர மீட்டர் அறையில் இருந்தார். நாலு பேருக்குச் சட்டம் 34 சதுர மீட்டர் கேட்கிறது. ஆகவே நெரிசல் என்ற காரணம் அவர் கோப்பில் பலமாக இருந்தது, காத்திருந்த வருடங்களும் சேர்ந்திருந்தன. அப்போது வேலையிடத்தின் வழியாகப் புறநகரில் ஒரு வீடு வந்தது. புதுக் கட்டடம், மூன்று அறை, பால்கனி. காட்டிய பெண்மணி வாடகை கட்டுப்படியானது என்றார். தாளிலும் அப்படித்தான் இருந்தது. இரண்டு சம்பளம் இருந்ததால் கணக்கும் பொருந்தியது. பால் காய்ச்சி, வடை சுட்டு, எங்களையெல்லாம் கூப்பிட்டார். அரசு வீடு கிடைத்துவிட்டது என்றுதான் நாங்களும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

சமூக வீடு கிடைத்தால் பழைய விண்ணப்பம் தானாக மூடப்படும். தனக்கும் அப்படித்தான் என்று நினைத்துப் புதுப்பிக்கும் கடிதத்தைக் குப்பையில் போட்டார். பெயர் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்து மனைவியின் வேலை போனது. வாடகையைத் தாங்க முடியாமல், சிறிய வீட்டுக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் போனார். "நீங்கள் சமூக வீட்டுக் குடியிருப்பாளர் அல்லவே" என்று ஒரே வரியில் பதில் வந்தது. இப்போது புது எண், புது வரிசை. பழைய வருடங்கள் கணக்கில் இல்லை. நெரிசலும் இல்லை, ஏனென்றால் வீடு பெரிது. வருமானத்துக்கு மீறிய வாடகை என்ற ஒரே காரணம்தான் மிச்சம். கோபம் எனக்கு அந்தப் பெண்மணி மீது. எல்எல்ஐ என்ற மூன்று எழுத்தைச் சொல்ல அவருக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்?

ஆகவே ஒரு வீட்டைக் காட்டினால் முதலில் கேட்க வேண்டியது, என் கோப்பு வீடு ஒதுக்கும் ஆணைக்குழுவுக்குப் போகுமா என்பது. சமூக வீடு எதுவானாலும் அந்த ஆணைக்குழுவைத் தாண்டித்தான் வரும். வழக்கமாக ஒரு வீட்டுக்குக் குறைந்தது மூன்று குடும்பங்களின் கோப்பை வைத்துப் பார்ப்பார்கள். எல்எல்ஐக்கு அது தேவையில்லை. "நாளைக்கே கையெழுத்திடலாம்" என்றால் சந்தேகப்படுங்கள். பிறகு வாடகை ஒப்பந்தத்தில், வீட்டு நிறுவனம் அரசோடு செய்த கொன்வான்சியோன் என்ற உடன்படிக்கை பற்றி எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். மூன்று சமூக வகைகளுக்கும் அது உண்டு.

எல்எல்ஐ எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈரச் சுவரோடு, பிள்ளைக்கு மூச்சிழுப்போடு இருப்பவருக்கு அது பெரிய ஆறுதல். எடுங்கள், ஆனால் சமூக வீட்டு எண்ணை விடாமல் புதுப்பியுங்கள், புது முகவரியைப் பதியுங்கள். சித்தப்பா வீட்டு முகவரியில் கடிதம் வரட்டும் என்று விட்டால், அது அவர் வீட்டு விளம்பரத் தாள்களோடு போய்விடும்.

ஆணைக்குழு உங்களுக்கு வீடு ஒதுக்கிக் கடிதம் அனுப்பினால் பத்து நாளுக்குள் பதில் கொடுங்கள். பேசாமல் இருந்தால் மறுத்ததாக எடுப்பார்கள். டாலோ என்ற 2007ஆம் ஆண்டு வீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ் முன்னுரிமை பெற்றவர் தகுந்த காரணமின்றி மறுத்தால் அந்த முன்னுரிமையே போகலாம். எந்தத் தாளும் புரியாவிட்டால் பாரிஸின் ஏடிஐஎல் அலுவலகத்துக்கு எடுத்துப் போங்கள். வீட்டுச் சட்டம் தெரிந்தவர்கள் இலவசமாக விளக்குவார்கள். பிரெஞ்சு வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள், பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். வாடகைக் கணக்கைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்த்துக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை சங்கடப்பட்டு, கேட்க வேண்டிய கேள்வியில் பாதியை விட்டுவிடும்.