வயதான குதிரைக்குக் கால் வலி: மருந்து கொடுக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

எங்கள் கிழட்டுக் குதிரைக்கு முன்னங்கால் இரண்டிலும், குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் மூட்டின் முன்பக்கத்தில், இருபது காசு அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. வேலிக் கம்பியில் உரசியிருப்பான் என்று மஞ்சளைக் குழைத்துப் பூசினோம். ஆறியது. ஒரு வாரத்தில் அதே இடம் மறுபடி உரிந்தது. கம்பியை மாற்றினோம், அப்படியும் நிற்கவில்லை. ஈப்போவிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் குனிந்து அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இவன் படுத்து எத்தனை நாளாச்சு?"

சித்தப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

குதிரை நின்றபடியே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும். ஒரு நாளில் அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது வேண்டும். மூட்டு வலிக்கிற கிழட்டுக் குதிரைக்குப் படுப்பதும் கஷ்டம், எழுவது அதைவிடக் கஷ்டம். அதனால் படுக்காமலே நாளைக் கடத்தும். தூக்கக் கடன் ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் நின்ற இடத்திலேயே அசந்துவிடும். முன்னங்கால் மடங்கும், மூட்டு சிமெண்டுத் தரையில் இடிக்கும், திடுக்கிட்டு நிமிரும். எங்கள் குதிரைக்கு இரவெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. நாங்கள் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் சுங்கை சிப்புட். சுற்றிலும் செம்பனை, இடையில் கொஞ்சம் பழைய ரப்பர் மரங்கள். சித்தப்பா பல வருஷம் பந்தயக் குதிரைகளுக்கு சைஸாக, அதாவது குதிரைகளைப் பராமரிப்பவராக, இருந்தவர். ஓடி ஓய்ந்த ஒன்றை யாரும் வேண்டாம் என்றபோது தோட்டத்துக்கு ஓட்டி வந்துவிட்டார். இப்போது அதற்கு 24 வயது. தோட்டத்துப் பிள்ளைகள் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். அனுபவமுள்ள சைஸ் வீட்டிலேயே இத்தனை தவறு நடந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன். இளம் குதிரையைப் பார்த்துக்கொள்வது வேறு, கிழட்டுக் குதிரையின் வலியைப் பார்த்துக்கொள்வது வேறு.

"நொண்டலையே, அப்புறம் என்ன வலி?"

முதல் தவறு இது. ஒரு காலில் மட்டும் வலித்தால் குதிரை நொண்டும், தலையை ஆட்டி ஆட்டி நடக்கும். இரண்டு முன்னங்காலும் ஒரே அளவுக்கு வலித்தால் எந்தக் காலைக் காப்பாற்றும்? நொண்டாது. அடி குறுகிவிடும், அவ்வளவுதான். பார்ப்பவர்கள் "வயசாச்சு, மெதுவா நடக்கிறான்" என்பார்கள். நாங்களும் அதையே சொன்னோம்.

குதிரை பிற விலங்குக்கு இரையாகும் இனம். வலியைக் காட்டிக்கொள்வது அதன் இயல்பு அல்ல. ஆகவே நாம்தான் தேட வேண்டும். நிற்கும்போது கால் மாற்றி மாற்றி எடை போடுகிறதா? ஒரு முன்னங்காலை முன்னால் நீட்டி வைத்தே நிற்கிறதா? வட்டமாகத் திருப்பினால் தயங்குகிறதா? லாடம் அடிப்பவர் வந்தால் காலைத் தர மறுக்கிறதா? முகத்தையும் படிக்கலாம். 2014இல் ஆய்வாளர்கள் குதிரையின் முகத்தில் வலி தெரியும் ஆறு இடங்களைக் குறித்துக் கொடுத்தார்கள்: பின்னோக்கி விறைத்த காதுகள், இடுங்கிய கண், கண்ணுக்கு மேலே தசை இறுகி எலும்பு துருத்தித் தெரிவது, புடைத்து நிற்கும் தாடைத் தசை, இறுகிய வாயும் துருத்திய மோவாயும், விறைத்த மூக்குத் துவாரம். ஒரு தடவை கற்றுக்கொண்டால் பிறகு தானாகக் கண்ணில் படும். படுத்ததா என்று அறிய இன்னும் சுலபமான வழி உண்டு. காலையில் விலாவிலும் தொடையிலும் மரத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த வலி என்று தெரியாமலே மருந்து

கால் வலி என்றால் உடனே மூட்டுவாதம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். வயதான குதிரையில் அதுதான் அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரே மருந்து எல்லா வலிக்கும் பொருந்தாது.

மழைக்காலத்தில் குளம்பு ஊறி, உள்ளே சீழ் கட்டும். நேற்று நன்றாக இருந்த குதிரை இன்று ஒரு காலைத் தரையில் ஊன்றவே மாட்டேன் என்னும். அந்தச் சீழைத் திறந்து வெளியேற்ற வேண்டும். வலி மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் நோய் உள்ளேயே ஓடும்.

இதைவிட ஆபத்தானது லாமினைட்டிஸ். குளம்பின் வெளி ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசு வீங்கிப் பிரியும் நோய் அது. குளம்பு சுடும், அதன் மேலே ஓடும் நாடி தடதடவென்று அடிக்கும், குதிரை எடையைப் பின்னங்காலுக்குத் தள்ளிச் சாய்ந்து நிற்கும். அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். அவர் வரும்வரை குளம்பை ஐஸ் தண்ணீரில் வையுங்கள், நடக்க வைக்காதீர்கள். வயதான குதிரைக்கு இது வந்தால் அதற்குக் காரணம் குஷிங் என்ற ஹார்மோன் நோயாக இருக்கலாம். உதிராமல் நீளமாகத் தொங்கும் முடி அதன் அடையாளம்; ஏசிடிஎச் என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக்கொடுக்கும், பெர்கோலைடு என்ற மருந்தும் உண்டு. அப்படிப்பட்ட குதிரைக்கு மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவதற்கு முன் மருத்துவர் இரண்டு முறை யோசிப்பார். "பக்கத்துக் குதிரைக்குப் போட்டாங்களே" என்று நாம் அவசரப்படுத்தக் கூடாது.

அப்புறம் தவிடு. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்களில் அரிசித் தவிடு மலிவு, குதிரையும் ஆசையாகத் தின்னும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்புச் சத்தோ சொற்பம். பத்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். குதிரைக்கு இது தலைகீழாக வேண்டும்: சுண்ணாம்பு பாஸ்பரஸைவிடக் குறையவே கூடாது, ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. இதோடு செட்டாரியா போன்ற வெப்ப நாட்டுப் புல்லில் ஆக்சலேட் இருக்கிறது. அது இருக்கிற கொஞ்சம் சுண்ணாம்பையும் உடம்பில் சேரவிடாது. உடம்பு என்ன செய்யும்? எலும்பிலிருந்து உருவும். இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால் என்று நொண்டல் இடம் மாறும், முற்றினால் முக எலும்பே வீங்கும். இந்த வலிக்கு எத்தனை பொட்டலம் மருந்து கொடுத்தாலும் வாளியில் தவிடு இருக்கும்வரை தீராது. தாத்தாவுக்கு நாங்கள் தவிட்டை நிறுத்தியது மருத்துவர் சொன்ன பிறகுதான். நல்லது செய்வதாக நினைத்துத்தான் அத்தனை வருஷமும் போட்டோம்.

பியூட் பொட்டலம்

குதிரைக்காரர்கள் 'பியூட்' என்று சொல்வது ஃபினைல்பியூட்டசோன். 1949இல் மனிதருக்காக வந்த மருந்து; ரத்த அணுக்கள் உற்பத்தியையே சிலருக்கு நிறுத்திவிட்டதால் மனிதருக்குக் கொடுப்பது பெரும்பாலும் கைவிடப்பட்டது. குதிரைக்கு இன்றும் நல்ல மருந்துதான். கையாளும்போது கையுறை போடுங்கள்.

வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை அது தடுக்கிறது. அதே பொருள்தான் வயிற்றின் உள்சுவரையும் சிறுநீரகத்தின் ரத்த ஓட்டத்தையும் காக்கிறது. பியூட் கொடுக்கும்போது வரும் தவறுகளில் பாதி இதை மறப்பதால் வருபவை.

எடை பார்க்காமல் கொடுப்பது அதில் ஒன்று. நீண்ட நாள் கொடுக்கும் அளவு பொதுவாகக் கிலோவுக்கு 2.2 மில்லிகிராம், 450 கிலோ குதிரைக்கு ஏறக்குறைய 1 கிராம். அதே 1 கிராமை 200 கிலோ மட்டக் குதிரைக்குக் கொடுத்தால் இரு மடங்குக்கும் மேல். நாளுக்கு எத்தனை வேளை, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். "இன்னிக்கு ரொம்ப வலிக்குது போல, ரெண்டாப் போடு" என்பது வேண்டாம்.

வெறும் வயிற்றில் கொடுப்பது இன்னொன்று. குதிரையின் இரைப்பை தீனி இல்லாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். முதலில் புல் தின்னட்டும், பிறகு மருந்து. தண்ணீரையும் கவனியுங்கள். நம் வெயிலில் வியர்த்து வறண்டுபோன குதிரைக்கு பியூட் கொடுத்தால் சிறுநீரகம் அடிவாங்கும். லாரிப் பயணம் முடிந்த கையோடும், வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

இரண்டு மருந்தைச் சேர்ப்பது எல்லாவற்றையும்விட மோசம். பியூட், ஃபுளூனிக்சின், மெலோக்சிகாம், ஃபிரோகாக்சிப் எல்லாமே ஒரே குடும்பம். காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று என்று கொடுத்தால் நிவாரணம் இரட்டிப்பாகாது, புண்தான் இரட்டிப்பாகும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவும் இடைவெளி வேண்டும். ஃபிரோகாக்சிப் வயிற்றுக்குச் சற்று இதமானது என்பதால் நீண்ட நாளுக்கு அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அதனால் முழுக்கப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். மருந்துக்கடையில் நாம் நமக்காக வாங்கும் இபுபுரோஃபென், டைக்லோஃபெனாக் மாத்திரைகளைக் குதிரைக்குப் போடாதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். ஊசியையும் மருத்துவரிடமே விட்டுவிடுங்கள். பியூட் ஊசி ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை அழுகும், ஃபுளூனிக்சினைத் தசையில் குத்தியதால் உயிரே போன குதிரைகள் உண்டு.

சாணம் இளகுவது, தீனியில் ஆர்வம் குறைவது, தீனி தின்ற பிறகு லேசான வயிற்று வலி, வயிற்றின் அடியில் நீர் கோத்த வீக்கம். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவருக்குப் போன் போடுங்கள். பெருங்குடலில் புண் வந்தால் ரத்தத்தில் புரதம் குறையும். மாதக்கணக்கில் மருந்து சாப்பிடும் குதிரைக்கு அவ்வப்போது ரத்தம் பார்ப்பது இதற்காகத்தான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: மருத்துவர் நொண்டலைப் பரிசோதிக்க வரும் அன்று, அவரைக் கேட்காமல் காலையில் மருந்து கொடுக்க வேண்டாம். வலி மறைந்த காலில் அவர் எதைக் கண்டுபிடிப்பார்?

மருந்துக்கு வெளியே

குளம்பின் முனை நீண்டுவிட்டால் ஒவ்வொரு அடியிலும் மூட்டும் தசைநாணும் கூடுதலாக இழுபடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது செதுக்க வேண்டும். "ஓடாத குதிரைக்கு எதுக்கு?" என்று தள்ளிப்போடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். எடையும் அப்படித்தான், விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்பட்டால் சரி. ரொட்டி, வெல்லம் என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் ஊட்டுவதை நிறுத்துங்கள்.

மூட்டுவாதக் குதிரையைக் கொட்டிலில் கட்டிப்போட்டு 'ரெஸ்ட்' கொடுப்பதும் தவறு. நின்றால் விறைக்கும், மெதுவாக நடந்தால் இளகும். லாமினைட்டிஸுக்கு நேர்மாறு என்பதை மேலேயே சொன்னேன். தைலம் தேய்த்து அதன்மேல் இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், தோல் வெந்துவிடும். கட்டு இறுகினால் தசைநாண் கெடும்.

நோகும் காலையே பார்த்துக்கொண்டிருந்து நல்ல காலை மறந்துவிடக் கூடாது. 2006இல் கென்டக்கி டெர்பி வென்ற பார்பரோ, அதே ஆண்டு மே மாதம் வலது பின்னங்காலை உடைத்துக்கொண்டது. எலும்பைப் பொருத்தினார்கள். ஆனால் எடையைச் சுமந்த இடது பின்னங்காலில் லாமினைட்டிஸ் வந்தது. சிக்கல்கள் தொடர்ந்து, 2007 ஜனவரியில் அதைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தது. அத்தனை வசதியும் இருந்த இடத்தில் நடந்தது இது.

தாத்தாவின் கொட்டிலில் இப்போது சிமெண்டின்மேல் ரப்பர் விரிப்பு, அதன்மேல் ஒரு முழத்துக்கு மரத்தூள். சுவரில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று தொங்குகிறது. மருந்து கொடுத்த நேரம், சாணம், தண்ணீர், குளம்புச் சூடு, படுத்தானா, எத்தனை முயற்சியில் எழுந்தான் என்று தினமும் எழுதுகிறோம். சித்தப்பா காலையில் வந்ததும் அவன் விலாவைத்தான் முதலில் பார்ப்பார். மரத்தூள் ஒட்டியிருந்தால் "படுத்திருக்கான்பா" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலிலேயே எனக்கு அன்றைய நாள் தெரிந்துவிடும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் மருத்துவரோடு உட்கார்ந்து எழுதிய மூன்று வரிகள் இருக்கின்றன. மருந்து கொடுத்தும் மூன்று நாள் படுக்கவில்லை என்றால், ஆள் உதவி இல்லாமல் எழ முடியவில்லை என்றால், தீனியை விட்டுத் திரும்பிக்கொண்டால், அவரைக் கூப்பிட்டு அவனை வலியில்லாமல் அனுப்புவது. எங்கே புதைப்பது, மண்வெட்டி இயந்திரத்துக்கு யாரைக் கேட்பது என்பதையும் தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) பேசிவிட்டோம். எழுதும்போது சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் பேனாவை வாங்கி, கீழே தேதி போட்டார்.