கொரங்காட்டு நரியைப் படம் எடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஓநாயைப் படம் எடுக்க ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் நரியிடம் பழகுங்கள். ஓநாயும் நரியும் நாயும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. காதை மடக்குவது, வாலைத் தாழ்த்துவது, உடம்பைப் பதுக்குவது எல்லாம் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே பொருள் தரும். ஓநாயைத் தேடித் தக்காணத்துப் புல்வெளிகளுக்குப் பயணம் போக வேண்டும். நரி நம் காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளிலேயே, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காடுகளிலேயே நடமாடுகிறது.

நரி அடுத்து என்ன செய்யப் போகிறது என்று இரண்டு நொடி முன்னால் தெரிந்தால் சாதாரண கேமராவிலும் நல்ல படம் கிடைக்கும். அதனால் இந்தப் பதிவில் பாதிக்கு மேல் நரியைப் பற்றித்தான்.

1. பார்ப்பது நரிதானா?

இதை அவசரப்படாமல் பழகிக்கொள்ளுங்கள். நரி 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், முதுகில் கறுப்பு மயிர் கலந்திருக்கும், கால்கள் மெலிந்தவை. வால் புசுபுசுவென்று, நுனி கறுத்து, கீழ்நோக்கித் தொங்கும். நாட்டு நாய்க்கு வால் பெரும்பாலும் மேலே சுருண்டிருக்கும். தூரத்தில் இருந்து பிரித்தறிய வால்தான் எளிய அடையாளம். வங்காநரி என்பது வேறு இனம், இன்னும் சின்னது, 2 முதல் 3 கிலோதான். கூர்ந்த மூஞ்சி, பெரிய காது, உடம்பில் பாதிக்கு மேல் நீளமான வால்.

மண் தடத்தில் காலடி கிடைத்தால் குனிந்து பாருங்கள். நரியின் முன்னங்காலில் நடுவிரல்கள் இரண்டின் மெத்தையும் அடியில் ஒட்டியிருக்கும். நாய்க்கு அப்படி இருக்காது. நரி நடந்த தடம் நேர்கோடாகப் போகும், நாயின் தடம் இங்கும் அங்கும் அலையும்.

இந்த அடையாளம் படத்துக்கு மட்டும் உதவுவதில்லை. ஆட்டுப்பட்டியில் தெருநாய்க் கூட்டம் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவது இந்தப் பகுதி விவசாயிகளுக்குச் சில வருடங்களாகப் பெரிய வேதனை. நரியும் சமயத்தில் இளங்குட்டியைத் தூக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரே இரவில் பட்டியையே சிதைத்துப் போட்டது எது என்ற பேச்சு எழும்போது, தெளிவாக எடுத்த ஒரு படமோ காலடித் தடமோ நரியை வீண்பழியில் இருந்து காப்பாற்றும்.

2. இடமும் அனுமதியும்

கொரங்காடு என்பது பட்டா நிலம். கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமும் வளரவிட்டு, மாட்டையும் ஆட்டையும் மேயவிடும் காடு. வேலியோரப் புதரும் எலி வளையும் முயலும் இலந்தைப் பழமும் ஒன்றாகக் கிடைப்பதால் நரிக்கு அது தோதான இடம். படல் திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே போய்விடாதீர்கள். காட்டுக்காரரைத் தேடிப் போய்ப் பேசுங்கள். "ஏனுங்க, உங்க காட்டுல நரி படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும், "அது வடக்கால வேலியோரம் பொழுதோட கத்துமுங்க" என்று இடத்தையே சொல்லிவிடுவார்கள். ஆடு மேய்க்கும் அம்மாக்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. திரும்பும்போது படலை மறக்காமல் சாத்துங்கள். மாடு வெளியே போய்விட்டால் மறுமுறை அனுமதி கிடைக்காது.

காப்புக்காட்டுக்குள் இதெல்லாம் பொருந்தாது. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

3. காற்றையும் வெயிலையும் பார்த்து உட்காருங்கள்

நரிக்குக் கண்ணைவிட மூக்குதான் முக்கியம். உங்கள் வாசம் அதற்குப் போய்விட்டால் படம் இல்லை. இதில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கில் இருந்து காற்று வீசிக்கொண்டே இருக்கும். தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் அந்தக் காற்றை நம்பி நிற்பவைதான். நரி வரும் தடத்துக்குக் கிழக்கே நீங்கள் உட்கார்ந்தால் உங்கள் வாசம் அதற்கு எதிர்ப்பக்கம் போய்விடும். காலையில் சூரியனும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், நரியின் முகத்தில் நேராக வெளிச்சம் விழும். அதே இடத்தில் சாயங்காலம் உட்கார்ந்தால் வெயில் எதிரே. அப்போது நரியின் முதுகு மயிரும் புல் நுனியும் ஓரத்தில் ஒளிரும். எனக்கு இந்தச் சாயங்கால வெளிச்சம்தான் அதிகம் பிடிக்கும்.

மற்ற மாதங்களில் ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்த்துக் காற்றின் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். விடியலில் ஒரு மணி நேரம், பொழுது சாய ஒரு மணி நேரம் போதும். கோடையில் வெயில் ஏறிவிட்டால் கானல் எழும்பும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் தூரத்துப் படம் கலங்கித்தான் வரும்.

நடந்து தேடுவதைவிட மறைவில் காத்திருப்பது மேல். கார் இருந்தால் அதுவே மறைவிடம். எஞ்சினை அணைத்துவிட்டு, சின்னப் பையில் கம்போ சோளமோ நிரப்பி ஜன்னலில் வைத்து, அதன் மேல் லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள். இறங்காதீர்கள். காரை அது பொருட்படுத்தாது, இறங்கி நிற்கும் ஆளைக் கண்டால் ஓடிவிடும்.

4. நரியைப் படிப்பது

நரி வருவதைப் பறவைகள் முதலில் சொல்லிவிடும். ஆள்காட்டிக் குருவி தரையை நோக்கிச் சுற்றிச் சுற்றிக் கத்தினாலும், மயில் திடீரென்று அகவினாலும், கரிச்சான் தாழப் பறந்து எதையோ விரட்டினாலும் அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்புங்கள்.

வால் தளர்ந்து தொங்க, மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு சீரான ஓட்டநடையில் வந்தால் நரி நிம்மதியாக இருக்கிறது. அது பெரும்பாலும் பழகிய தடத்தில்தான் வரும். வேலி முக்கு, தடம் பிரியும் இடம், மேடான கல் போன்ற இடங்களில் நின்று சிறுநீர் தெளிக்கும், எச்சம் போடும். எச்சத்தில் எலி மயிரும் வண்டு ஓடும் இலந்தைக் கொட்டையும் கலந்திருக்கும். புதிய எச்சம் கிடக்கும் முக்கைக் குறித்துக்கொண்டு, மறுநாள் அங்கே முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

திடீரென்று நின்று, தலையைச் சாய்த்து, இரு காதையும் ஒரே இடத்தை நோக்கி முன்னால் குவித்தால் புல்லுக்குள் எலி ஓடும் சத்தம் அதற்குக் கேட்கிறது. அடுத்து எழும்பி வில்லாக வளைந்து முன்னங்கால்களால் அமுக்கும். நான் மிகவும் விரும்பிக் காத்திருக்கும் காட்சி இது. காது குவியும்போதே விரலை அழுத்தத் தயாராகுங்கள். தாவிய பிறகு அழுத்தினால் வால்தான் கிடைக்கும்.

ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி உங்களையே உற்றுப் பார்த்தால் உங்களைக் கண்டுகொண்டது என்று பொருள். அசையாமல் இருந்தால் பல நேரம் தன் வேலையைத் தொடரும். காது பின்னால் மடங்கி, உடம்பு தாழ்ந்து, வால் கால்களுக்கு இடையே போனால் அது பயந்துவிட்டது. சரி, அன்றைக்கு அவ்வளவுதான், பின்வாங்குங்கள்.

நரி தந்திரமான தனிக்காட்டு ராஜா என்ற எண்ணம் கதைகளால் வந்தது. உண்மையில் அது ஜோடியாக வாழும். முந்தைய ஈற்றுக் குட்டிகள் சில தாய் தகப்பனோடு தங்கித் தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவந்து கக்கிக் கொடுக்கும். அதனால் ஒன்று தடத்தில் வந்து போனவுடன் கேமராவை இறக்காதீர்கள், சற்றுப் பின்னால் இன்னொன்று வரக்கூடும். பொழுது சாய ஒன்று மூக்கைத் தூக்கி ஊளையிட்டால் குடும்பத்தில் மற்றவையும் சேர்ந்துகொள்ளும். எந்தத் திசையில் எத்தனை குரல் என்று நோட்டில் எழுதி வைத்தால், சில வாரங்களில் எந்தக் குடும்பம் எந்தக் காட்டில் என்று பிடிபடும்.

5. கேமரா அமைப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தொடங்குவதற்கு 70-300 மி.மீ. லென்ஸ் போதும், 150-600 கிடைத்தால் நல்லது. நடக்கும் நரிக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி, தாவலுக்கு 1/1600 அல்லது அதைவிட வேகமாக. அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) முழுதாகத் திறந்துவிட்டு, ஐஎஸ்ஓவை (வெளிச்சத்தை உணரும் திறன்) தானியங்கியில் வைத்து 6400 வரை உச்சவரம்பு கொடுங்கள். நகரும் நரியை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் வையுங்கள், விலங்குக் கண்ணைப் பிடிக்கும் வசதி இருந்தால் அதுவும். சத்தமில்லாத ஷட்டர் கட்டாயம். எதிர்வெயிலில் முகம் இருண்டால் எக்ஸ்போஷர் அமைப்பில் வெளிச்சத்தை அரை ஸ்டாப் (+0.5) கூட்டுங்கள். நரியின் கண் உயரத்துக்குக் கேமராவை இறக்க முடிந்தால் படமே வேறாக இருக்கும்.

6. செய்யவே கூடாதவை

கோழிக் கழிவைப் போட்டு வரவழைப்பது, செல்போனில் ஊளைச் சத்தம் போட்டுக் கூப்பிடுவது, இரவில் டார்ச் அடித்து வண்டியில் துரத்துவது. மூன்றையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கழிவுக்குப் பழகிய நரி கோழிப்பண்ணைக்குப் போய் அடிபட்டுச் சாகும். புதிதாகத் தோண்டிய மண்ணோடு வளையையோ குட்டியையோ பார்த்தால் படம் எடுக்காமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஆள் வாசம் பட்டால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடி அலையும்.

7. வீட்டுக்கு வந்த பிறகு

ரா ஃபைலாக (கேமரா சுருக்காமல் பதியும் மூலக் கோப்பு) எடுத்ததை முதலில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு படத்தில் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்குங்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதிர்ஷ்டம் தரும் நரிக்கொம்பு என்று பொய் சொல்லி விற்கும் கூட்டம் இன்னும் இருக்கிறது. பொங்கலுக்கு வாழப்பாடிப் பக்கம் வங்காநரியைப் பிடித்து ஓடவிடும் வழக்கமும் உண்டு. நரியைப் பிடிப்பதும் கொல்வதும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆனாலும் இடம் தெரிந்தால் ஆள் வருவார்கள். படத்தின் கீழே மாவட்டப் பெயரும் மாதமும் போதும். ஊர் பெயர், காட்டுக்காரர் பெயர், பின்னணியில் தெரியும் கோயில் கோபுரம், காற்றாலை எண் எதுவும் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டுக்காரருக்கு மட்டும் ஒரு படத்தை அச்சடித்து நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.