பழைய பிக்கப்பில் முன்சக்கரம் இழுக்கவில்லையா? மோட்டாரை வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பட்டன் மூலம் இயங்கும் ஃபோர் வீல் டிரைவ் பழுதாகிவிட்டது என்று பழைய பிக்கப்பைக் கொண்டுவருகிறவர்களில் பலர், கையோடு ஒரு புதிய ஷிஃப்ட் மோட்டாரையும் (டூ வீலிலிருந்து ஃபோர் வீலுக்கு மாற்றிவிடும் மோட்டார்) வாங்கி வந்துவிடுகிறார்கள். யாரோ சொல்லியிருப்பார்கள். மோட்டார் கெடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் சேற்றிலும் தண்ணீரிலும் தொங்கிக்கொண்டிருந்தது கெடத்தான் செய்யும். ஆனால் வாகன மின்வேலை பார்க்கிற நான் அதைக் கடைசியில்தான் சந்தேகிப்பேன். கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) பக்கமா, முன் ஆக்சில் பக்கமா என்று பிரித்துப் பார்க்காமல் உதிரிபாகம் வாங்குவது காசைக் கரைக்கும் வேலை.

பட்டனை அழுத்தியதும் டாஷ்போர்டு சுவிட்சிலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தகவல் போகிறது. பெட்டி வேகத்தையும் கியர் நிலையையும் சரிபார்த்து, டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் பொருத்திய மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டார் உள்ளேயிருக்கும் ஃபோர்க்கை (கவை போன்ற பாகம்) நகர்த்த, முன் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டான முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டும் இயக்கத்தில் சேர்கிறது. மோட்டார் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ஒரு சென்சார் பெட்டிக்குத் திருப்பிச் சொல்கிறது. இதோடு வேலை முடிந்துவிடாது. முன் ஆக்சிலிலோ சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலோ இருக்கும் தனி ஆக்சுவேட்டரும் (இணைப்பைச் சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் கருவி) இணைந்தால்தான் சக்கரம் இழுக்கும். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

முதலில், இது கோளாறுதானா என்று பாருங்கள். ஃபோர் ஹை (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல் நிலை) பெரும்பாலான வண்டிகளில் ஓடும்போதே விழும். ஃபோர் லோ (மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான நிலை) அப்படி விழாது. வண்டி நின்றிருக்க வேண்டும், அல்லது மணிக்கு 5 கிலோமீட்டருக்குள் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். சில வண்டிகளில் பிரேக்கோ கிளட்சோ மிதித்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். ஃபோர் வீலிலிருந்து வெளியே வர மறுக்கிறதா? தார் ரோட்டில் அப்படியே ஓட்டி வந்திருப்பீர்கள், ஷாஃப்டுகள் முறுக்கேறி நிற்கின்றன. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸில் எடுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். நான்கு டயரும் ஒரே அளவா, தேய்மானம் ஏறக்குறைய ஒன்றா என்பதையும் பாருங்கள். முன்பக்கம் புது டயர், பின்பக்கம் தேய்ந்த டயர் என்று ஓடும் வண்டியில் இந்த முறுக்கு ஓயவே ஓயாது.

வண்டிக்கு அடியில் படுக்கும் முன் ஒரு விஷயம். பாதியில் நின்றுபோன டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் மாட்டியிருக்கலாம். அப்படி இருந்தால் ஆட்டோமேட்டிக் கியரை பார்க்கில் போட்டாலும் வண்டி உருளும், ஏனென்றால் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பே இருக்காது. ஆகவே பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, கைபிரேக், முன்பக்கம் தாங்குவதற்கு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு, ஃபோர் வீலில் என்ஜினை ஓட்டிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

இனி பிரித்துப் பார்க்கும் சோதனை. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. முன்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்குங்கள். ஃபோர் ஹை பட்டனை அழுத்தி, அது மாறுவதற்கு நேரம் கொடுங்கள். பிறகு கியரை பார்க்கில் போடுங்கள். மேனுவல் என்றால் முதல் கியர். என்ஜினை அணைத்துவிட்டு முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசான ஆட்டம் இருக்கலாம். அதற்கு மேல் திரும்பவில்லை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. மோட்டார், சென்சார், பெட்டி மூன்றின் மேலும் சந்தேகம் போய்விட்டது. தாராளமாகச் சுற்றுகிறது என்றால் கோளாறு அந்தப் பக்கம்தான்.

ஷாஃப்ட் பிடித்திருக்கும் நிலையிலேயே ஒரு முன்சக்கரத்தைச் சுழற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் முன் ஆக்சில் இணைந்திருக்கிறது. அது சும்மா நின்றால் ஆக்சில் ஆக்சுவேட்டரோ ஹப்போ ஈடுபடவில்லை. வேக்குவத்தில் (என்ஜின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் குறை அழுத்தத்தில்) இயங்கும் அமைப்பு என்றால் என்ஜினை அணைத்ததும் நிலை மாறக்கூடும். அந்த வண்டிகளில் இந்த முடிவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லாமல், பின்னால் சொல்லும் பம்ப் சோதனையையும் செய்யுங்கள்.

டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் என்று தெரிந்தால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். தளர்ந்த பேட்டரியோடு இந்தப் பெட்டிகள் விசித்திரமாக நடந்துகொள்ளும். அடுத்து ஃபியூஸ்கள். பல வண்டிகளில் பெட்டிக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இதற்குப் பிறகு நான் மல்டிமீட்டரைவிட டெஸ்ட் லேம்பைத்தான் (மின்சாரம் வந்தால் எரிந்து காட்டும் சிறு பல்பு) அதிகம் நம்புவேன். உள்ளே பச்சை பூத்து, ஓர் இழையில் மட்டும் தொங்கும் ஒயரிலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். லேம்ப் அப்படி ஏமாறாது, மங்கலாக எரிந்து காட்டிக் கொடுத்துவிடும். ஒருவர் பட்டனை அழுத்த, மற்றவர் மோட்டாரின் இரண்டு தடித்த ஒயர்களில் லேம்பைப் பிடிக்க வேண்டும். மின்சாரம் ஓரிரு நொடிதான் வரும், கவனம் சிதறினால் தவறிப்போகும். மின்சாரம் பிரகாசமாக வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால்தான் மோட்டாரைக் குற்றம் சொல்லலாம். வரவே இல்லை என்றால் சுவிட்ச், பெட்டி, ஒயர், எர்த் என்று பின்னோக்கிப் போங்கள். மோட்டார் சுழல முயலும் நேரத்தில் எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வீழ்ச்சி தெரிந்தால் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, மறுபடி இறுக்குங்கள்.

கனெக்டரைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். தண்ணீர் புகுந்து பின்கள் கறுத்துப்போய் இருப்பதைத்தான் நான் மற்ற எதையும்விட அதிகம் பார்க்கிறேன். சென்சாரின் ஒயர்கள் மெல்லியவை, அவற்றில் போகும் மின்னழுத்தமும் சிறியது. அங்கே கொஞ்சம் அரிப்பு இருந்தாலே போதும், பெட்டிக்குத் தவறான தகவல் போகும். மோட்டார் எங்கே நிற்கிறது என்று தெரியாத பெட்டி அதை நகர்த்த மறுத்துவிடும். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் சி0327 என்ற பழுதுக் குறியீடு (கோடு) இந்தச் சென்சார் சுற்றைத்தான் குறிக்கிறது. மலிவான ஸ்கேனர் பெரும்பாலும் என்ஜின் கோடுகளை மட்டும் படிக்கும். ‘சி’யில் தொடங்கும் கோடுகளைப் படிக்கிற ஸ்கேனராகப் பார்த்து இரவல் வாங்குங்கள்.

மோட்டாரைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் அதன் ஷாஃப்ட் நிற்கும் கோணத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய மோட்டாரின் தடித்த இரண்டு ஒயர்களுக்கு நேரடியாக 12 வோல்ட்டை ஒரு கணம் கொடுங்கள். பிறகு முனைகளை மாற்றிக் கொடுங்கள். இரண்டு திசையிலும் தயங்காமல் சுழல வேண்டும். மோட்டார் வெளியே இருக்கும்போதே டிரான்ஸ்ஃபர் கேஸின் செலக்டர் ஷாஃப்டைப் பொருத்தமான கருவியால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். தேவைப்பட்டால் ஒருவர் பின் ஷாஃப்டைக் கொஞ்சம் அசைத்துக் கொடுக்கட்டும். கையாலும் நகராத ஃபோர்க்கைப் புது மோட்டார் நகர்த்தாது, சீக்கிரமே எரிந்துபோகும். திரும்பப் பொருத்தும்போது மோட்டாரும் கேஸும் ஒரே நிலையில் இருப்பது கட்டாயம். பொருந்தவில்லை என்று போல்ட்டால் இழுத்து இறுக்கினால் உடைவது உறுதி.

முன் ஆக்சில் பக்கம் என்றால், உங்கள் வண்டியில் இருப்பது மின் ஆக்சுவேட்டரா, வேக்குவமா என்று பாருங்கள். மின் ஆக்சுவேட்டர் எளிது: கனெக்டரில் மின்சாரம் வருகிறதா, வந்தும் அசையவில்லையா, அவ்வளவுதான்.

வேக்குவம் வேறு கதை. நல்ல என்ஜின் ஐடிலில் கடல்மட்டத்தில் சுமார் 17 முதல் 21 அங்குலம் பாதரச அளவுக்கு வேக்குவம் தரும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேடேறினால் அது விழுந்துவிடும். இதனால்தான் நிற்கும்போது ஒழுங்காக இருப்பது, சுமையோடு ஏறும்போது மட்டும் சத்தம் போடுகிறது. 2004 முதல் வந்த ஃபோர்டு எஃப்-150 வண்டிகளின் ஹப்புகள் தலைகீழ் தர்க்கத்தில் இயங்குபவை. வேக்குவம் அவற்றைப் பிரித்து வைத்திருக்கும், வேக்குவம் போனால் அவை சேரும். குழாயில் சிறு விரிசல் இருந்தாலும் டூ வீலில் போகும்போதே ஹப் பாதி ஈடுபட்டு, பல்லோடு பல் உரசிக் கரகரவென்று கத்தும். பேரிங் போய்விட்டது என்று நினைத்து பேரிங்கை மாற்றியவர்கள் உண்டு.

1990களின் செவர்லே எஸ்-10 பிக்கப்பில் முன் ஆக்சிலை இணைக்கும் வேக்குவம் ஆக்சுவேட்டர் பேட்டரித் தட்டுக்கு அடியில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு கேபிள் ஆக்சிலுக்குப் போகும். பேட்டரி அமிலம் சொட்டினால் நேராக அதன் தலையில்தான். அதே வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் உள்ள வேக்குவம் சுவிட்ச் கசிந்தால், கேஸின் ஆயில், வேக்குவம் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டு ஏ.சி. கட்டுப்பாடு வரைக்கும் போய்விடும். ஆகவே குழாயைக் கழற்றி நுனியைப் பாருங்கள். ஆயில் ஈரம் தெரிந்தால் ஆக்சுவேட்டரோடு சேர்த்து அந்தச் சுவிட்சையும் மாற்ற வேண்டும். சோதனைக்குக் கைவேக்குவம் பம்ப் போதும். ஆக்சுவேட்டரில் 15 அங்குலம் ஏற்றி ஒரு நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் உள்ளேயிருக்கும் டயஃப்ரம் (சவ்வு) கிழிந்திருக்கிறது. நின்றால் குழாய்களைத் துண்டு துண்டாகச் சோதியுங்கள். வளைவுகளிலும் மூட்டுகளிலும்தான் பெரும்பாலும் வெடித்திருக்கும்.

பழுது நீங்கியதும் மண் தரையில் ஓட்டிப் பாருங்கள், தாரில் வேண்டாம். மின்சாரமும் வேக்குவமும் சரியாக இருந்தும் ஃபோர் வீல் ஈடுபட்ட பிறகு நழுவுகிறது என்றால் உள்ளே ஃபோர்க்கோ செயினோ தேய்ந்திருக்கிறது. கேஸை இறக்குவதற்கு முன் ஆயிலை வடித்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். மீண்டும் நிரப்பும்போது தயாரிப்பாளர் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். உள்ளே கிளட்ச் வைத்த கேஸ்களில் வேறு ஆயில் ஊற்றினால் அது வழுக்கும், அல்லது வெடுக்கென்று பிடிக்கும்.