நாய்க்கு பூஸ்டர் ஊசி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? அட்டையை வைத்துக் கணக்கிடும் முறை

மணி இறந்தபோது அவனுடைய தடுப்பூசி அட்டையில் மூன்று ஊசிகள் பதிவாகியிருந்தன. நான்கு மாதக் குட்டி. இரண்டு நாள் வாந்தி, பிறகு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டான். பார்வோ வைரஸ். “மூன்று ஊசி போட்டும் எப்படி டாக்டர்?” என்று அழுதுகொண்டே கேட்டேன். மதுரையில் அவனுக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் அட்டையை வாங்கிக் கடைசி ஊசியின் தேதியில் விரலை வைத்தார். அன்று மணிக்குப் பத்து வாரம்தான் வயது. “எத்தனை ஊசி என்பது கணக்கில்லை அம்மா. கடைசி ஊசி எந்த வயதில் என்பதுதான் கணக்கு” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதை, முதன்முதலாக நாய் வளர்ப்பவர்களுக்காகப் படிப்படியாக எழுதுகிறேன். இதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம். அட்டை, பேனா, நாயின் பிறந்த தேதி ஆகிய மூன்றும் போதும்.

படி 1: அட்டையை நோய்வாரியாகப் பிரியுங்கள்

அட்டையில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஊசிப் புட்டியிலிருந்து உரித்து ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் இருக்கும். மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி எல்லாம் அதில் உண்டு. ஸ்டிக்கர் இல்லாமல் வெறும் கையெழுத்து மட்டும் இருந்தால், என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

‘ஏழு நோய் ஊசி’, ‘ஒன்பது நோய் ஊசி’ என்ற பெயர்கள் நம்மைக் குழப்பும். எண்ணிக்கை கூடுவது பெரும்பாலும் எலிக்காய்ச்சல் கிருமியின் வகைகளைத் தனித்தனியே எண்ணுவதாலும், நாய்களுக்கான கொரோனா வைரஸைச் சேர்ப்பதாலும்தான். (மனிதர்களுக்கு வந்த கொரோனா வேறு, இது வேறு. இதற்கான தடுப்பூசியை வல்லுநர்கள் பரிந்துரைப்பதும் இல்லை.) ஆகவே ஊசியின் பெயரை விட்டுவிட்டு, ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்:

• டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் கடுமையான வைரஸ் நோய்), பார்வோ, அடினோ வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி
• ரேபிஸ் என்னும் வெறிநோய்
• எலிக்காய்ச்சல், கூடவே இருமல் நோய்கள்

ஒவ்வொன்றுக்கும் கடைசியாக ஊசி போட்ட தேதியையும், அன்று நாயின் வயது எத்தனை வாரம் என்பதையும் எழுதுங்கள். தெருவிலிருந்து எடுத்த குட்டிக்குப் பிறந்த தேதி தெரியாவிட்டால் பல்லைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஏறத்தாழ நான்காம் மாதத்தில் முன்பற்கள் விழுந்து முளைக்கத் தொடங்கும். ஏழு மாதத்துக்குள் எல்லாப் பற்களும் நிலைப்பற்களாகிவிடும்.

படி 2: குட்டிப் பருவ ஊசி சரியாக முடிந்ததா?

பூஸ்டரைப் பற்றி, அதாவது முதல் ஊசிகள் தந்த காப்பைப் புதுப்பிக்கப் பின்னால் போடும் ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் அடித்தளம் உறுதியா என்று பார்க்க வேண்டும். நான் தவறவிட்டது இதைத்தான்.

குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பால் வழியாகத் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் அதன் உடலுக்குள் போகிறது. அது சில வாரங்களுக்குக் குட்டியைக் காப்பாற்றும். ஆனால் அதே பொருள், ஊசியில் இருக்கும் பலவீனமாக்கப்பட்ட வைரஸையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது. ஊசி ஏறியிருக்கும், பலன் இருக்காது. தாய் தந்த இந்தக் காப்பு ஒரு குட்டிக்கு எட்டாவது வாரத்தில் கரையும், இன்னொரு குட்டிக்குப் பதினான்கு வாரம் வரை நிற்கும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளிடையே கூட இது மாறுபடும்.

அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் மீண்டும் மீண்டும் போடுகிறார்கள். ஒவ்வொரு ஊசியும் முந்தையதற்குப் பலம் சேர்ப்பதாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில், எப்போது கதவு திறக்கும் என்று தெரியாததால் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்க்கிறோம். கடைசித் தவணை 16 வாரம் முடிந்த பிறகு இருக்க வேண்டும். உங்கள் அட்டையில் அது பன்னிரண்டாவது வாரத்திலேயே நின்றுபோயிருந்தால், இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள்.

படி 3: ஆறாம் மாத ஊசி

முன்பெல்லாம் குட்டிப் பருவ ஊசி முடிந்ததும் ஒரு வயதில்தான் அடுத்தது. உலகச் சிறு விலங்கு கால்நடை மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இதை 26-ஆவது வாரத்திலேயே போட்டுவிடுவது நல்லது என்கிறது. 16 வார ஊசியும் பலிக்காமல் போன சில குட்டிகள் உண்டு. ஒரு வயது வரை காத்திருந்தால் அந்தக் குட்டிகள் அத்தனை மாதமும் காப்பில்லாமல் தெருவில் நடக்கும். என்னைக் கேட்டால், மொத்தக் கணக்கிலும் மிக முக்கியமான ஊசி இதுதான்.

படி 4: இனி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

முதல் பத்தி: டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். அதைவிட அடிக்கடி போட வேண்டாம் என்பதே அந்த வழிகாட்டுதலின் நிலை. இவை உயிருள்ள, ஆனால் பலவீனமாக்கப்பட்ட வைரஸால் ஆன ஊசிகள். உடலுக்குள் சிறிது பெருகி, நீண்ட கால நினைவை விட்டுச் செல்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் ஷூல்ட்ஸ் செய்த ஆய்வுகளில், டிஸ்டெம்பருக்கும் பார்வோவுக்கும் எதிரான காப்பு ஏழு ஆண்டுகள் வரையிலும் அதற்கு மேலும் நின்றது. ஏற்கெனவே நிறைந்த குடத்தில் ஆண்டுதோறும் தண்ணீர் ஊற்றுவதால் குடம் பெரிதாவதில்லை. ஆனாலும் சில மருந்துகளின் பெட்டியில் ‘ஆண்டுக்கொரு முறை’ என்றே அச்சிட்டிருப்பதால் பல மருத்துவர்கள் அதன்படி போடுகிறார்கள். அவர்களோடு சண்டை போடாதீர்கள், கேட்டுப் பேசுங்கள்.

இரண்டாம் பத்தி: ரேபிஸ். இதில் எந்தச் சிக்கனமும் வேண்டாம். பன்னிரண்டு வாரத்தில் முதல் ஊசி, ஓராண்டு கழித்து அடுத்தது. அதற்குப் பிறகு மூன்று ஆண்டு தாங்கும் என்று சில மருந்துகளில் குறிப்பிட்டிருந்தாலும், தெருநாய்க்கடி அன்றாடச் செய்தியாக இருக்கும் நம் ஊரில் நான் ஆண்டுதோறும்தான் போடுகிறேன். சென்னை மாநகராட்சி போன்ற இடங்களில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறவும் இந்த ஊசிச் சான்று வேண்டும். ஜூலை 6 (விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான உலக நாள்), செப்டம்பர் 28 (உலக ரேபிஸ் நாள்) ஆகிய நாட்களையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடப்பதுண்டு.

மூன்றாம் பத்தி: எலிக்காய்ச்சல் வைரஸ் நோய் அல்ல, பாக்டீரியாவால் வருவது. அந்த ஊசியின் காப்பு ஏறக்குறைய ஓராண்டுதான். எலிகள் நடமாடும் வீடு, மழைநீர் தேங்கும் தெரு என்றால் ஆண்டுதோறும் அவசியம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் போட்டுக்கொள்வது என் வழக்கம். இருமல் நோய்க்கான ஊசி, நாயை விடுதியில் விட்டுச் செல்பவர்களுக்கும் கண்காட்சிக்கு அழைத்துப் போகிறவர்களுக்கும்தான் பெரிதும் தேவை. அதுவும் ஆண்டுக்கொரு முறைதான்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். கூட்டு ஊசியில் எல்லாம் கலந்துதானே இருக்கிறது, ஒன்றை மட்டும் எப்படிப் போடுவது? எங்கள் மருத்துவர் ஒருநாள் மேசை மீது இரண்டு குட்டிப் புட்டிகளை வைத்துக் காட்டினார். ஒன்றின் அடியில் வெள்ளையாக, கற்கண்டுத் துண்டு போல உலர்ந்த மருந்து. மற்றொன்றில் தெளிந்த நீர்மம். “உலர்ந்திருப்பது வைரஸ் ஊசி. இந்த நீர்மம்தான் எலிக்காய்ச்சல் ஊசி. இதை அதில் விட்டுக் கரைத்துத்தான் போடுகிறோம்” என்றார். பல நிறுவனங்களின் மருந்து இப்படித்தான் இருக்கிறது. ஆகவே இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் எலிக்காய்ச்சல் ஊசியை மட்டும் தனியாகப் போட முடியுமா என்று கேளுங்கள்.

படி 5: விட்டுப்போயிருந்தால்

வளர்ந்த நாய்க்கு முதல் பத்தியில் நான்கைந்து ஆண்டு இடைவெளி விழுந்துவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, ஒரே ஒரு ஊசி போதும். ஊசி வரலாறே தெரியாத வளர்ந்த நாய்க்கும் பெரும்பாலும் அப்படித்தான். எலிக்காய்ச்சல் ஊசி நீண்ட நாள் விட்டுப்போனால் மட்டும் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் மீண்டும் இரண்டு தவணை போடச் சொல்வார்கள். ரேபிஸ் விட்டுப்போயிருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே போடுங்கள். ஊசி போட்ட நாயையே வெறிநாய் கடித்துவிட்டாலும், ‘போட்டுத்தானே இருக்கிறது’ என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 6: சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை

டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ மூன்றுக்கும் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று சோதிக்க முடியும். குட்டியின் கடைசி ஊசிக்கு நான்கு வாரம் கழித்துச் செய்தால், ஊசி பலித்ததா என்பது தெரிந்துவிடும். முன்பு ஊசியால் கடும் ஒவ்வாமை வந்த நாய்க்கும், தள்ளாத வயது நாய்க்கும் இது பெரிய உதவி. எலிக்காய்ச்சல் ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை இந்தச் சோதனையால் முடிவு செய்ய முடியாது.

படி 7: ஊசி போடும் நாள்

மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதானே என்று மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருந்துவிடாதீர்கள். பல், காது, எடை, இதயம் பார்க்க ஆண்டுக்கொரு முறையாவது போக வேண்டும். காய்ச்சலோ கழிச்சலோ இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ஊசியைத் தள்ளிப்போடுவார். பக்கவிளைவு சிறிய உடல்வாகு கொண்ட நாய்களுக்கு ஒரே நாளில் பல ஊசிகள் ஏறும்போது கூடுதலாக வருகிறது. அதனால் ரேபிஸ் ஊசியைச் சில வாரம் தள்ளி வேறு நாளில் போடச் சொல்லிக் கேட்கலாம். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். முகம் வீங்கினாலோ தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ உடனே உள்ளே தூக்கிப் போங்கள். ஒரு நாள் சோர்ந்து படுத்திருப்பதும் ஊசி போட்ட இடம் லேசாகத் தடித்திருப்பதும் இயல்பு.

மணிக்குப் பிறகு வந்தவள் கறுப்பி. பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் 2024 ஜனவரி 10 அன்று பிறந்தாள். மார்ச், ஏப்ரல் ஊசிகளுக்குப் பிறகு, 16 வாரம் முடிந்த மே 1 அன்று மூன்றாவது; 26 வாரம் முடிந்த ஜூலை 10 அன்று அடுத்தது. அவள் அட்டையின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதி வைத்திருக்கிறேன்: ‘வைரஸ் ஊசி, 2027 ஜூலை. ரேபிஸ், ஆண்டுதோறும் ஏப்ரல். எலிக்காய்ச்சல், ஆண்டுதோறும் செப்டம்பர்.’ அந்த அட்டை அரிசி டப்பாவுக்கு மேலே, குடும்ப அட்டையோடு சேர்ந்து இருக்கிறது.