கேமரா வாங்கித் தருவதற்கு முன்னால் அவருடைய பழைய படங்களைத் திறந்து பாருங்கள்

என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல், அவரை அசத்த வேண்டும் என்று, ஒரு ஃபுல் ஃபிரேம் (படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும்) கேமரா பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும், வாங்கி வைத்தேன். பெட்டியைப் பிரித்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் நிஜமானதுதான். ஆனால் மூன்றாவது வாரம் பார்த்தால் புதுக் கேமரா அலமாரியில் இருக்கிறது, பழையது அவர் கழுத்தில் தொங்குகிறது. என் மனசு கஷ்டப்படும் என்று அவர் வாயே திறக்கவில்லை. நானாகக் குடைந்து குடைந்துதான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். நீங்களும் உங்கள் வீட்டில் புகைப்படப் பைத்தியம் முற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அடுத்த கேமரா தேடுகிறீர்கள் என்றால், நான் தலைகீழாகச் செய்ததை நீங்கள் நேராகச் செய்யுங்கள். அப்பர்ச்சர் என்றால் என்ன, ஐஎஸ்ஓ என்றால் என்ன என்பதெல்லாம் இங்கே இல்லை. அதை அவரிடமே கேளுங்கள், சாப்பாட்டை மறந்து விளக்குவார்.

படி 1: விமர்சன வீடியோவை மூடிவிட்டு, கணினியைத் திறங்கள்

ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எந்த லென்ஸில், எத்தனை மி.மீ.யில், என்ன ஷட்டர் வேகத்தில், எந்த ஐஎஸ்ஓவில் எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கும். அடோபியின் படத் தொகுப்பு மென்பொருளான லைட்ரூம் கிளாசிக் வைத்திருந்தால் லைப்ரரி பகுதியில் மேலே வரும் ஃபில்டர் பட்டையில் மெட்டாடேட்டாவை (இந்த விவரங்களுக்கு அதுதான் பெயர்) தேர்ந்தெடுத்து, ஒரு பத்திக்கு ஃபோகல் லெங்த், இன்னொன்றுக்கு ஐஎஸ்ஓ, மற்றொன்றுக்கு ஷட்டர் வேகம் என்று மாற்றுங்கள். எதில் எத்தனை படம் என்று அதுவே எண்ணிக் காட்டிவிடும். லைட்ரூம் இல்லையா, பரவாயில்லை, விண்டோஸில் படங்கள் இருக்கும் கோப்புறையை விவரப் பட்டியலாக வைத்து, பத்தித் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்தால் இதே தகவல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். ஜேபெக் படங்களுக்கு இதுவே தாராளம்.

கடைசி ஓர் ஆண்டுப் படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வருஷப் படங்கள் வேண்டாம், அப்போது எல்லோரும் எல்லாவற்றையும்தான் எடுப்பார்கள். நல்லது என்று அவரே ஸ்டார் போட்டவற்றோடு, வேண்டாம் என்று ஒதுக்கியவற்றையும் பாருங்கள். எனக்கு அதிகம் சொன்னவை ஒதுக்கிய படங்கள்தான்.

படி 2: எண்கள் எங்கே முட்டிக்கொண்டு நிற்கின்றன?

எங்கள் வீட்டுக் கதை ரொம்பத் தெளிவு. அவரிடம் இருந்தது 55-250 மி.மீ. ஜூம். படங்களில் பாதிக்கு மேல் 250-இல் நின்றது. அதாவது மனுஷன் லென்ஸை அதன் கடைசி எல்லைவரை இழுத்துவிட்டு, அதுவும் போதாமல், மீன்கொத்தியைப் பெரிதாக்க ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது நீளமான லென்ஸ். நான் வாங்கியதோ வேறு பாடி.

உங்கள் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம். கேமராவோடு சேர்ந்தே வந்த கிட் லென்ஸின் 18 மி.மீ.யிலேயே படங்கள் குவிந்து கிடந்தால் அவருக்கு இன்னும் அகலமாகப் பார்க்கும் லென்ஸ் தேவை. வீட்டுக்குள் எடுத்தவை எல்லாம் ஐஎஸ்ஓ 6400, எஃப் 5.6, 1/60 நொடி என்று வெளிச்சம் போதாமல் திணறிக்கொண்டிருந்தால், பாடியைத் தொடாதீர்கள், எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாதது) ஒன்று போதும். 5.6-லிருந்து 1.8-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும், ஐஎஸ்ஓ 6400 இருந்த இடத்தில் 640 போதும். இதில் ஓர் அபிப்பிராயம்: எல்லோரும் 50 மி.மீ. என்பார்கள், ஆனால் ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சாரில் அது 75 மி.மீ. போல இறுக்கமாகத் தெரியும், சின்ன அறையில் முதுகு சுவரில் இடிக்கும். நான் 35-க்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

மங்கலான படங்களை மட்டும் தனியாகப் பாருங்கள். 1/30 நொடியில் மங்கியது என்றால் கை ஆடியிருக்கும், அல்லது குழந்தை ஓடியிருக்கும். கை நடுக்கத்துக்குக் கேமராவுக்குள்ளேயே இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உதவும், ஓடுகிற குழந்தைக்கு அது எதுவும் செய்யாது, ஷட்டர் வேகத்தைத்தான் கூட்ட வேண்டும். 1/1000-த்திலும் மங்கலாக, பறவைக்குப் பின்னால் இருக்கும் இலை மட்டும் துல்லியமாக இருந்தால் ஆட்டோஃபோக்கஸ் கோட்டை விட்டிருக்கிறது. அப்படிப் படங்கள் நிறைய இருந்தால்தான் புதுப் பாடிக்கு நியாயம் உண்டு. இன்றைய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் பல கண்ணைக் கண்டுபிடித்துப் பின்தொடர்கின்றன. கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துவாரம்) வழியாக அது கனவுதான்.

எண்கள் எங்குமே முட்டவில்லையா? அப்போது கேமராவுக்கு அவசரமே இல்லை. நல்ல மானிட்டரோ ட்ரைபாடோ வாங்கிக் கொடுங்கள்.

படி 3: லென்ஸின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள் (நான் விழுந்த குழி)

எண்ணிப் பார்த்த பிறகும் பாடிதான் என்று முடிவானால், கையிலிருக்கும் லென்ஸ்கள் அதில் ஒழுங்காக வேலை செய்யுமா என்று பார்க்க வேண்டும். "அடாப்டர் போட்டால் பொருந்தும்" என்ற ஒரே வரியை நம்பி நான் வாங்கினேன். பொருந்தத்தான் செய்தது.

அவருடைய பழைய லென்ஸ்கள் ஏபிஎஸ்-சி சென்சாருக்காகச் செய்தவை. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36 × 24 மி.மீ., ஏபிஎஸ்-சி சுமார் 23.5 × 15.6 மி.மீ. சின்ன சென்சாருக்கான லென்ஸ் விழவைக்கும் ஒளிவட்டமும் சின்னது, பெரிய சென்சாரை அது முழுதாக மூடாது. அதனால் புதுக் கேமரா அந்த லென்ஸைப் பார்த்ததும் தானாகவே நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. 24 மெகாபிக்சல் கேமரா, சுமார் 10 மெகாபிக்சல் படம். பழைய கேமராவும் 24 மெகாபிக்சல்தான், ஆனால் அது அத்தனையையும் அந்தச் சின்ன இடத்திலேயே அடைத்து வைத்திருந்தது. ஆக அதே மீன்கொத்தி, அதே லென்ஸ், அதே தூரம், புதுக் கேமராவில் பாதிக்கும் குறைவான பிக்சலில். ஏற்கெனவே வெட்டி வெட்டிப் பெரிதாக்கும் ஆளுக்கு இது போதாதா! நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் அந்த கிராப் அமைப்பை அணைக்க முடிகிற கேமராவிலும், அணைத்தால் நான்கு மூலையும் கறுத்துவிடும்.

எனவே லென்ஸைக் கையில் எடுத்து எழுத்துகளைப் பாருங்கள். கேனானில் ஈஎஃப்-எஸ் என்றால் ஏபிஎஸ்-சி, கேமராவில் மாட்டும் பக்கமான மவுண்டில் வெள்ளைச் சதுரப் புள்ளி இருக்கும். ஈஎஃப் என்றால் சிவப்பு வட்டப் புள்ளி, அது ஃபுல் ஃபிரேமுக்கும் ஆகும். இரண்டையும் அடாப்டர் வைத்து 2018-இல் வந்த கேனான் மிரர்லெஸ்ஸின் ஆர்எஃப் மவுண்டில் மாட்டலாம், அதற்கு முந்தைய மிரர்லெஸ் வரிசையின் ஈஎஃப்-எம் லென்ஸை மாட்ட முடியாது. நிக்கானில் டிஎக்ஸ் என்றிருந்தால் ஏபிஎஸ்-சி. சோனியில் ஈ என்றால் ஏபிஎஸ்-சி, எஃப்ஈ என்றால் ஃபுல் ஃபிரேம். ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ் மவுண்ட் முழுக்க ஏபிஎஸ்-சி என்பதால் இந்தக் குழப்பமே இல்லை, அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

கடைசியில் அந்தப் பாடியை விற்றுவிட்டுப் பழைய கேமராவுக்கே 150-600 மி.மீ. லென்ஸ் ஒன்று, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியது, வாங்கினோம். சிக்மா, டாம்ரான் இரண்டு பேருமே இந்த அளவில் செய்திருக்கிறார்கள், எடை 2 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். இந்த முறை அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன்.

படி 4: அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்

ரகசியப் பரிசு ஆசையை விட்டுவிடுங்கள். பிடி அவர் கைக்கு அடங்குகிறதா, சுண்டுவிரல் கீழே அந்தரத்தில் தொங்குகிறதா என்பதெல்லாம் எந்த விவரப் பட்டியலிலும் இருக்காது. அவர் இடது கண்ணால் பார்ப்பவரா என்றும் கவனியுங்கள். அப்படியானால் மூக்கு திரையில் அழுந்தும், தொடுதிரை உள்ள சில கேமராக்களில் ஃபோகஸ் புள்ளியை மூக்கே நகர்த்திவிடும். சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டில் நடந்தது. தொடுதிரையின் அந்த வசதியை மெனுவில் அணைத்தோம், சரியாகிவிட்டது.

அப்புறம் கூடுதல் பேட்டரி ஒன்று கட்டாயம். மிரர்லெஸ் எப்போதும் திரையை எரியவிட்டே வேலை செய்வதால் டிஎஸ்எல்ஆர் அளவுக்குத் தாங்காது. ஃபில்டர், பை, குட்டி ட்ரைபாட் எல்லாம் சேர்த்துத் தரும் "காம்போ" பக்கம் போகவே வேண்டாம்.

பின்னால் சேர்த்தது

இதைப் படித்துவிட்டு ஒருவர், தன் மனைவியின் பழைய நிக்கான் லென்ஸ் நிக்கானின் புது இசட் மிரர்லெஸ் கேமராவில் எஃப்டிஇசட் என்ற அடாப்டரோடு மாட்டுகிறது, ஆனால் ஃபோகஸ் ஆகவில்லை என்று எழுதியிருந்தார். லென்ஸில் ஏஎஃப் என்று மட்டும் இருந்து, எஃப் எண்ணுக்குப் பின்னால் டி என்று இருக்கிறதா பாருங்கள், அதைத்தான் ஏஎஃப்-டி என்பார்கள். அந்த வகைக்குள் மோட்டார் கிடையாது, பாடியிலிருக்கும் மோட்டார்தான் ஒரு திருகு வழியாக அதைச் சுழற்ற வேண்டும். எஃப்டிஇசட்டில் அந்தத் திருகு இல்லை, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இன்னொருவருக்குப் புதுக் கேமராவின் ரா கோப்புகள் (ஜேபெக் ஆக்காத மூலப் படங்கள்) பழைய லைட்ரூமில் திறக்கவில்லை. கேமராவில் கோளாறு இல்லை. அந்த மென்பொருள் வந்தபோது இந்தக் கேமராவே பிறந்திருக்கவில்லை, அவ்வளவுதான். அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம், அதில் மாற்றிக்கொண்டு திறங்கள்.

மூன்றாவதாக ஒரு பெண், வியூஃபைண்டரில் எல்லாமே மங்கலாகத் தெரிகிறது என்று கணவர் புதுக் கேமராவைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார் என்று வருத்தப்பட்டிருந்தார். வியூஃபைண்டர் பக்கத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், கண் பார்வைக்கு ஏற்ப அதைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது எதிரே இருக்கும் காட்சியைப் பார்க்கக் கூடாது, உள்ளே தெரியும் எழுத்தும் எண்ணும் கூர்மையாகிறவரை திருப்ப வேண்டும். மறுநாள் அவரிடமிருந்து ஒற்றை வரி வந்தது: "சக்கரத்தைத் திருப்பினார், இப்போது கேமராவை என் கையில் தர மாட்டேன் என்கிறார்."