சுட்ட செவ்வந்திக்கல், சிட்ரின்: வாங்கேக்க, பாவிக்கேக்க விடக்கூடாத பிழைகள்

திருகோணமலையில நகைக்கடைக்குப் போய் மஞ்சள் சிட்ரின் பாக்கிறாக்கள் "இது சுட்ட கல்லோ?" எண்டு கேக்கிறது நல்லம்தான், ஆனா ஓம் எண்டு பதில் வந்த உடன கல்லு போலி எண்டு எழும்பி வாறது பிழை. சந்தைக்கு வாற சிட்ரினில கனக்க, செவ்வந்திக்கல்ல (அமெதிஸ்ட் எண்ட ஊதாக் கல்) 400–500 பாகை செல்சியஸ் அளவில சுட்டு எடுத்ததுதான். கல்லுக்குள்ள கிடக்கிற துளி இரும்பில இயற்கைக் கதிர்வீச்சு பட்டதாலதான் ஊதா வந்தது, சூடு அந்த நிலைய மாத்தி விட மஞ்சளோ செம்மஞ்சளோ வருது, பிரேசிலில மொண்டேசுமா எண்ட இடத்துக் கல்லெண்டா பச்சையாயும் மாறும். எல்லாம் உண்மையான குவார்ட்ஸ் (படிகக்கல்) இனம்தான்.

உண்மையான ஏமாத்து, சிட்ரினையே புஷ்பராகம் எண்டு விக்கிறது. குரு கிரகத்துக்கு மோதிரம் போட எண்டு சனம் காசு சேத்து வாங்கிற கல் புஷ்பராகம், அதில விளையாடக்கூடாது. புஷ்பராகம் சபையர் இனம், ஒரே அளவு கல்லெண்டா சிட்ரினை விட ஒண்டரை மடங்கு பாரம் இருக்கும், கடினமும் மோஸ் அளவில (கல்லின்ர கடினத்துக்கான 1–10 அளவு) 9, குவார்ட்ஸுக்கு 7தான்.

அடுத்தது வீட்டில சுட்டுப் பாக்கிறது. கெவுட எண்ட பால் நிறச் சபையர்க் கல்ல 1,600 பாகைக்கு மேல சுட்டு நீலமாக்கிறாங்கள்தானே, அப்ப இதுக்கென்ன எண்டு நினைக்காதீங்க. 573 பாகையில குவார்ட்ஸின்ர பளிங்கு அமைப்பே மாறுது, அதுக்குக் கீழயும் சூடு டக்கெண்டு ஏறினாலோ இறங்கினாலோ வெடிச்சுப் போகும். மோதிரம் உடைஞ்சு பத்தரிட்ட ஒட்டக் குடுக்கேக்கயும் கல்ல கழட்டிப்போட்டு ஒட்டச் சொல்லுங்க, டோர்ச் நெருப்பில ஊதா வெளிறினா அத சும்மா திருப்பி எடுக்கேலாது.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடை வச்சிருக்கிறாக்கள் செவ்வந்திக்கல்ல வெயில் விழுற கண்ணாடிப் பக்கம் மாசக்கணக்கில வைக்காதீங்க, நிறம் மெல்ல மங்கும்.

கடும் ரோஸ், கடும் நீலத்தில உள்ள வெடிப்பு வெடிப்பான குவார்ட்ஸ் சாயம் ஏத்தினதா இருக்கலாம், அசிட்டோன் தொட்ட பஞ்சால துடைச்சா சிலதில நிறம் கழண்டு வரும். வானவில் மாதிரி மினுங்கிற குவார்ட்ஸுக்கு மேல இருக்கிறது உலோகப் பூச்சு, உரஞ்சினா போயிரும்.

பெறுமதியான கல்லெண்டா ஆய்வுகூடத்தில குடுத்துப் பாருங்க. குவார்ட்ஸா சபையரா எண்டு லேசாச் சொல்லுவாங்க, ஆனா சிட்ரின் சுட்டதா சுடாததா எண்டு பிரிக்கிறது அவங்களுக்கே கஷ்டம், அதனால "சுடாத கல்" எண்ட ஒரு சொல்லுக்காக மட்டும் கூடக் காசு குடுக்காதீங்க.